என்சிடியூ 44 ஜிபியை முழுங்கிட்டுதாம்!

உவர்மலை_றூட்:
நேற்று இங்க ஒரு மகான் எழுதி வைச்சிருக்கிறார்: "என்சிடியூவை நம்பாதேங்கோ, 44 ஜிபியைக் காட்டாமல் விடுது, டியூதான் சரி." ரெண்டும் டிஸ்க்கில எது எவ்வளவு இடம் பிடிச்சிருக்கு எண்டு கூட்டிக் காட்டுற லினக்ஸ் கட்டளைகள். நிலாவெளிப் பக்கம் ஒரு ஹோட்டலின்ர சிசிரிவி படம் பதியிற கொம்பியூட்டர் பெட்டியாம். உபுண்டு 22.04, 500 ஜிபி டிஸ்க், பைல்சிஸ்டம் (பைல்களை டிஸ்க்கில அடுக்கிற முறை) இஎக்ஸ்ரி4. டிஸ்கின்ர மொத்தக் கணக்கைக் காட்டுற டிஎஃப் -எச் அடிச்சா மொத்தம் 458 ஜிபி, பாவிச்சது 435, மிச்சம் 0. சுடோ என்சிடியூ -எக்ஸ் / அடிச்சா 391 (சுடோ எண்டா றூட் எண்ட நிர்வாகியின்ர அதிகாரத்தில ஓட்டுறது). அதால என்சிடியூ பொய்காரனாம்.

ஐயா, டியூவும் என்சிடியூவும் செய்யிறது ஒரே வேலை. ஒவ்வொரு டிரெக்டரியா இறங்கி, ஒவ்வொரு பைலும் எத்தினை புளொக் (டிஸ்க் இடத்தின்ர துண்டு) பிடிச்சிருக்கு எண்டு கேட்டுக் கூட்டுறது. டிஎஃப் ஒரு பைலையும் திறந்து பாக்காது, பைல்சிஸ்டத்தின்ர மொத்தக் கணக்கை மட்டும் கேக்கும். 44 எங்க எண்டா, ரெக்கோடர் எழுதிக்கொண்டிருந்த பைலை ஆரோ ஆர்எம் அடிச்சு அழிச்சிருக்கினம். பேர் போயிட்டுது, ரெக்கோடர் இன்னும் திறந்து வைச்சிருக்கிறதால புளொக் போகேல்ல. சுடோ எல்எஸ்ஓஎஃப் +எல்1 அடிச்சா, அழிச்சும் திறந்து கிடக்கிற பைல் எல்லாம் வரிசையா வரும். இதுக்கு ஒரு பதிவு, அதுக்கு முப்பது லைக்!

பாலையூற்று_பைட்:
மகான் நான்தான். வணக்கம். டியூவும் அதே 391தான் காட்டுமெண்டு அடிச்சுப் பாக்காமலே எழுதியிருக்கிறீங்கள். சுடோ டியூ -எஸ்எச் / எனக்கு 433 காட்டுது. 435க்குப் பக்கத்தில. இப்ப சொல்லுங்கோ, ஆர் பொய்காரன்?

உவர்மலை_றூட்:
-எக்ஸ் எங்க? அதைப் போட்டாத்தான் வேற டிஸ்குக்குள்ள போகாது. என்சிடியூவுக்குப் போட்டீங்கள், டியூவுக்குப் போடேல்ல. பெட்டியில குத்தியிருக்கிற பென் டிரைவ், /மீடியாவுக்குக் கீழ இருக்கிறது எல்லாத்தையும் சேத்து எண்ணிப்போட்டு "435க்குப் பக்கத்தில" எண்டு சந்தோசப்படுறீங்கள். டியூ -எக்ஸ்எஸ்எச் / அடியுங்கோ. 391 வரும். 44 அழிச்ச பைல். எல்எஸ்ஓஎஃப் அவுட்புட்டைப் போடுங்கோ.

சீனன்குடா_சிஸ்அட்மின்:
ரெண்டு பேரும் சும்மா கத்துறீங்கள். இஎக்ஸ்ரி4 றூட்டுக்கெண்டு 5% ஒதுக்கி வைக்கும். அதான் அந்த இடம். டியூன்2எஃப்எஸ் -எம் 1 எண்டு 1%க்குக் குறைச்சுவிட்டா மிச்சம் வந்திடும். இதுக்கு ஏன் இவ்வளவு சண்டை?

உவர்மலை_றூட்:
458இல 5% எவ்வளவு? 23. 458இல 435 போனா எவ்வளவு? 23. உங்கட 5% அங்க இருக்கு, "மிச்சம் 0" எண்ட இடத்தில. "பாவிச்சது" எண்ட நிரலுக்குள்ள அது வராது. நாங்கள் கேக்கிறது 435க்கும் 391க்கும் நடுவில போன 44. வேற கேள்விக்கு விடை எழுதினா மாக்ஸ் இல்லை.

சீனன்குடா_சிஸ்அட்மின்:
டியூன்2எஃப்எஸ் அடிச்சா இடம் வருமா வராதா? அதை மட்டும் சொல்லுங்கோ.

உவர்மலை_றூட்:
வரும். ரெக்கோடர் அதையும் நிரப்பும். 44 அங்கேயே கிடக்கும்.

கிண்ணியா_கேர்னல்:
அழிச்ச பைல்தான் எண்டு அடிச்சுச் சொல்ற தம்பி, அந்தப் பெட்டியில வெளி டிஸ்க் ஒண்டு /எம்என்டி/கெம் எண்ட இடத்தில மவுன்ட் ஆகுது (இணையுது) எண்டு முதல் பதிவிலேயே போட்டிருக்கார், வாசிச்சீங்களா? எஃப்எஸ்ராப்பில (எழும்பக்குள்ள எந்த டிஸ்கை எங்க இணைக்கிறது எண்ட பட்டியல்) நோஃபெயில் வேற இருக்கு. கரண்ட் போய் வந்து பெட்டி எழும்பக்குள்ள யுஎஸ்பி டிஸ்க் பிந்தி எழும்பியிருந்தா, நோஃபெயில் இருக்கிறதால சிஸ்டம் முறைப்பாடு இல்லாமப் போயிரும். ரெக்கோடருக்கு என்ன தெரியும்? /எம்என்டி/கெம் எண்ட வெறும் போல்டருக்குள்ள, உபுண்டு இருக்கிற றூட் டிஸ்கிலயே எழுதும். பிறகு ஆராவது மவுன்ட் பண்ணினா அந்தப் பைல் எல்லாம் கீழ மறைஞ்சிரும். டிஎஃப் எண்ணும், டியூ காணாது, என்சிடியூவும் காணாது.

பாக்கிற வழி: /பாக்க எண்டு ஒரு போல்டர் செய்து, சுடோ மவுன்ட் --பைண்ட் / /பாக்க. றூட் டிஸ்க் மட்டும் அங்க தெரியும், மேல மூடின வெளி டிஸ்க் வராது. பிறகு சுடோ என்சிடியூ -எக்ஸ் /பாக்க. உள்ள எம்என்டி, கெம் எண்டு இறங்குங்க. 44 அங்கதான் உக்காந்திருக்கும். இனி வராம இருக்க, மவுன்ட் ஆகாத நேரத்தில அந்த வெறும் போல்டருக்கு சட்ஆட்டர் +ஐ போட்டுடுங்க. றூட்டாலயும் எழுத ஏலாது.

உவர்மலை_றூட்:
நானா, கற்பனை நல்லாருக்கு. சிசிரிவி பெட்டியில பழைய பைலை அழிக்க கிரோன் (குறிச்ச நேரத்துக்குத் தானா ஓடுற) ஸ்கிரிப்ட் ஒண்டு எப்பவும் ஓடும். அழிச்ச பைல்.

கிண்ணியா_கேர்னல்:
கரண்ட் போனா அந்த அழிச்ச பைல் எல்லாம் தானா விடுபட்டிரும் தம்பி. திருகோணமலையில இருந்துகொண்டு கரண்ட் போகாத பெட்டியைப் பத்திக் கதைக்கிறீங்க.

உவர்மலை_றூட்:
போன பிறகு ரெக்கோடர் திரும்ப ஓடாதோ? திரும்ப அழியாதோ? எல்எஸ்ஓஎஃப் அவுட்புட் வேணும்.

மூதூர்_முனை:
2026இலயும் என்சிடியூவோ? அதே வேலை செய்யிற ஜிடியூ போடுங்க. கோ எண்ட புரோகிராம் மொழியில எழுதினது, எஸ்எஸ்டியில பறக்கும்.

உவர்மலை_றூட்:
பிழையான கேள்விக்கு வேகமா விடை தரும், அவ்வளவுதான். ஜிடியூ அடிச்சாலும் 391. இது சுழலுற டிஸ்க், ஒரே நேரத்தில பத்து இடத்தில தேடச் சொன்னா ஊசி அங்கயும் இங்கயும் ஓடுறதுதான் மிச்சம். என்சிடியூவிலயும் 2.5 பதிப்பில இருந்து -ரி எண்டு திரெட் (ஒரே நேரத்தில ஓடுற வேலை) கூட்டலாம், 2024இலயே வந்திட்டு.

மூதூர்_முனை:
உபுண்டு 22.04இல ஏப்டி (மென்பொருள் இறக்கிற கட்டளை) தாறது 1.15. எந்த 2.5? சிக் எண்ட புரோகிராம் மொழியில எழுதினதை ஹோட்டல்காரன் கொம்பைல் பண்ணி ஓடுற வடிவமாக்கவோ?

உவர்மலை_றூட்:
கொம்பைல் தேவையில்லை. என்சிடியூ தளத்திலயே ஸ்டாட்டிக் பைனரி கிடக்கு, இறக்கி விரிச்சா ஓடும். பேசுபொருளை மாத்தாதேங்கோ.

சீனன்குடா_சிஸ்அட்மின்:
ஜிபியும் ஜிபிபைட்டும் குழம்பியிருக்கலாம். ஜிபி 1000இன்ர கணக்கு, ஜிபிபைட் 1024இன்ர கணக்கு.

உவர்மலை_றூட்:
391ஐ 1.0737ஆல (ஒரு ஜிபிபைட்டுக்கு இத்தினை ஜிபி) பெருக்குங்கோ. 420. 435 இல்லை. அதுக்கும் மேல, டிஎஃப் -எச், என்சிடியூ ரெண்டும் 1024தான் பாவிக்குது, --எஸ்ஐ போட்டாத்தான் 1000. முதல்ல 5%, இப்ப இது. அடுத்தது வாஸ்துவோ?

சீனன்குடா_சிஸ்அட்மின்:
முந்தி ரெயிட் (பல டிஸ்கைச் சேத்துப் பாவிக்கிறது) விசயத்திலயும் இப்படித்தான் கத்தினீங்கள். அந்த இழையை இப்பவும் தேடி எடுக்கலாம்.

பாலையூற்று_பைட்:
ஒருத்தரும் என்ர கேள்விக்கு விடை சொல்லேல்ல. டியூ 433. என்சிடியூ 391. ஏன் வித்தியாசம்?

உவர்மலை_றூட்:
-எக்ஸ்! -எக்ஸ்! -எக்ஸ்!

கிண்ணியா_கேர்னல்:
பைட் தம்பி, அந்தச் சண்டை முடியாது, விடுங்க. ஒரு விசயம்: என்சிடியூவுக்குள்ள டி பட்டனில கை வைக்காதீங்க. போல்டரோட முழுசா அழிக்கும், கேட்டுத்தான் அழிக்கும், ஆனா "இனிக் கேக்காதே" எண்ட தெரிவும் அங்கேயே இருக்கு. -ஆர் போட்டுத் திறந்தா அழிக்க விடாது. ரெக்கோடர் ஓடக்குள்ள வீடியோ போல்டரை டியால அழிச்சா, றூட் தம்பி சொல்ற அழிச்ச பைல் அப்பதான் உண்மையா வரும்.

உவர்மலை_றூட்:
"அப்பதான்" எண்டு நக்கல் வேற. சரி, எல்எஸ்ஓஎஃப்பில 44 வந்தா என்ன செய்யிறதெண்டு இப்பவே சொல்லிவிடுறன், பிறகு ஆரும் கண்டபடி கில் -9 அடிச்சு ரெக்கோடரை வலுக்கட்டாயமா நிப்பாட்டக்கூடாது. ரெக்கோடர் சேவிஸை ரீஸ்டார்ட் பண்ணினாப் போதும், புளொக் விடுபடும். நிப்பாட்ட ஏலாதெண்டா, எல்எஸ்ஓஎஃப் காட்டுற பிஐடியையும் (ஓடுற புரோகிராமின்ர இலக்கம்) எஃப்டி இலக்கத்தையும் (அது திறந்த பைலின்ர இலக்கம்) எடுத்து, றூட்டா நிண்டு : > /புரொக்/பிஐடி/எஃப்டி/இலக்கம். பைல் வெறுமையாகும். அதுக்குப் பிறகு எல்எஸ்ஓஎஃப்பில திரும்ப 44 எண்டு நிண்டா பதறாதேங்கோ. ரெக்கோடர் அப்பென்ட் முறையில (எப்பவும் பைலின்ர கடைசியில எழுதுறது) திறக்காட்டி, விட்ட இடத்தில இருந்தே எழுதும், முன்னுக்கு ஓட்டை. நீளம் பெரிசாக் காட்டும், டிஸ்க்கில இடம் பிடிக்காது. டிஎஃப்பைப் பாருங்கோ.

பாலையூற்று_பைட்:
எல்எஸ்ஓஎஃப் +எல்1 அடிச்சேன். ரெண்டே ரெண்டு வரி, எல்லாம் சின்னச் சின்னது. எங்க உங்கட 44?

கிண்ணியா_கேர்னல்:
ஆ.

உவர்மலை_றூட்:
"ஆ"வை வைச்சிருங்கோ நானா. சுடோ போட்டோ அடிச்சனீங்கள், பைட்? சுடோ இல்லாட்டி உங்கட சொந்தப் புரொசஸ் மட்டுந்தான் வரும். ரெக்கோடர் வேற யூசரில ஓடுது.

பாலையூற்று_பைட்:
மகான் எண்டு சொன்னதுக்கு முதல்ல மன்னிப்புக் கேளுங்கோ, பிறகு பாப்பம்.

சீனன்குடா_சிஸ்அட்மின்:
டியூன்2எஃப்எஸ் அடிச்சிருந்தா இவ்வளவு நேரத்தில ஹோட்டல்காரன் நித்திரையே கொண்டிருப்பான்.

உவர்மலை_றூட்:
23! அது 23! 44 அழிச்ச பைல்!

கிண்ணியா_கேர்னல்:
பைண்ட் மவுன்ட் அடிச்சுப் பாத்தீங்களா, பைட் தம்பி?

மூதூர்_முனை:
ஜிடியூ.