கலைச்சொல் தேவை: ‘ரெசிடென்ஸி ரூல்’, ‘ரீஜியன் லாக்’ — வெள்ளிக்கிழமைக்குள்

சுங்கை சிப்புட்டிலிருந்து:

கலைச்சொல் குழுமத்தார் அனைவருக்கும் மலேசியாவிலிருந்து வணக்கம்.

வரும் பள்ளி விடுமுறையில் எங்கள் இளைஞர் மன்றம் ‘மொபைல் லெஜண்ட்ஸ்’ என்ற கைப்பேசி ஆட்டத்தில் போட்டி நடத்துகிறது. சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் தாமான் எனும் வீடமைப்புப் பகுதிகளிலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். விதிமுறைக் கையேடு மலாயிலும் தமிழிலும் அச்சாகிறது. மலாய்ப் பகுதி முடிந்துவிட்டது. தமிழில்தான் சிக்கிக்கொண்டு நிற்கிறேன்.

முதலாவது, ‘ரெசிடென்ஸி ரூல்’. ஐவர் அணியில் மூவராவது இந்த வட்டாரத்திலேயே இருப்பவர்களாக இருக்க வேண்டும். ஈப்போவிலிருந்து ஒரு முழு அணி வந்து கோப்பையைத் தூக்கிக்கொண்டு போய்விடக் கூடாது என்று பெற்றோர்கள் கேட்டு வைத்த விதி இது. அப்புறம் ‘ரீஜியன் லாக்’, அதாவது வெளிவட்டாரத்தார் எத்தனை பேர் ஆடலாம் என்று கட்டுப்படுத்தும் விதி. அதற்கும் அப்புறம் ‘இம்போர்ட் பிளேயர்’, அப்படி வெளியிலிருந்து வந்து ஆடுபவர்.

போன முறைக் கையேட்டில் ‘குடியுரிமை விதி’ என்று போட்டிருந்தார்கள். அதனால் ஒரு பையன் ஆடவில்லை. லயத்து வீட்டில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்து வளர்ந்தவன், குடும்பம் சிவப்பு அடையாளக் கார்டுக் குடும்பம்; குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளுக்கான கார்டு அது. பாரத்தை அழகாக நிரப்பியிருந்தான்; ஐசி (அடையாளக் கார்டு) எண் கட்டம் மட்டும் காலி. அவன் அம்மா அந்தத் தலைப்பை வாசித்துவிட்டு “இது நமக்கில்லைடா” என்று பாரத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார். விதிப்படி அவன் தாராளமாக ஆடியிருக்கலாம். இந்த முறை அப்படி ஆகவே கூடாது. இருக்கும் ஊரைச் சொல்லும் சொல் வேண்டும்; நாட்டு உரிமையைத் தொடாத சொல்லாக இருக்க வேண்டும்.

வெள்ளி காலை அச்சகத்தில் கொடுத்தாக வேண்டும்.

தைப்பிங்கிலிருந்து:

தங்கைக்கு வணக்கம். சொல் நம்மிடமே இருக்கிறது: உறைவு.

பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடும்போது, மொழி பல பேசும் புலம்பெயர் மாக்கள் ‘கலந்து இனிது உறையும்’ பட்டினம் என்கிறது. வந்தவர்கள் வெளிநாட்டார். ஆனாலும் உறைகிறார்கள். நீங்கள் கேட்கும் பொருள் இதைவிடப் பொருத்தமாக எங்கே கிடைக்கும்? உறைவு விதி, உறைவாளர், உறைவுக்காலம் என்று கிளைவிடவும் இடம் தரும் சொல். உறையூர் என்ற பெயரே மக்கள் உறைந்த ஊர் என்பதால் வந்ததுதான் என்பது என் துணிபு.

இன்னும் உள்ளே போனால் இதன் அருமை தெரியும். பால் உறைகிறது என்கிறோம். ஓடுவது நின்று ஓரிடத்தில் நிலைப்பது அது. மழைத்துளிக்கும் பழந்தமிழில் உறை என்ற பெயர் உண்டு. வானிலிருந்து விழுந்து நிலத்தில் தங்குவது. வாளின் உறை, வாள் தங்கும் இடம். எல்லாவற்றுக்கும் அடியில் தங்கி நிலைத்தல் என்ற ஒரே கருத்து ஓடுவதாக எனக்குத் தோன்றுகிறது. இப்படி ஒரு வேர் கையில் இருக்கும்போது வேறு சொல் தேடுவானேன்?

பெட்டாலிங் ஜெயாவிலிருந்து:

ஐயா, அக்கா, வணக்கம். நான் சில காலம் போட்டிகளில் ஆடியவன், இப்போது மென்பொருள் வேலை. சொல்லை முடிவு செய்யும் முன் இந்த விதி எப்படி வந்தது என்று பார்த்துவிடலாம். ‘ரெசிடென்ஸி’ என்று எல்லாரும் சொன்னாலும் ஆட்டத்துக்கு ஆட்டம் பொருள் மாறுகிறது.

2013-இல் பிளிஸார்ட் நிறுவனம் ‘ஸ்டார்கிராஃப்ட் 2’ என்ற தன் கணினி ஆட்டத்தின் உலகத் தொடரை கொரியா, அமெரிக்கா, ஐரோப்பா என்று மூன்றாகப் பிரித்தது. அமெரிக்கப் பிரிவில் பார்த்தால் கொரியர்களே குவிந்திருந்தார்கள். அமெரிக்கப் பையன்களுக்குத் தங்கள் ஊர்த் தொடரிலேயே இடமில்லாமல் போனது. படிப்படியாக இறுக்கி, 2016-இல் கொரியாவுக்குத் தனித் தொடர், மற்றவர்களுக்குத் தனித் தொடர் என்றே ஆகிவிட்டது.

‘லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்’ என்ற இன்னொரு கணினி ஆட்டத்தில் 2014-இல் எல்.எம்.க்யூ என்ற சீன அணி முழு அணியாகவே அமெரிக்காவுக்குப் போய், வட அமெரிக்க லீக்கில் ஆடி, அந்த வட்டாரத்துக்கு உரிய இடத்தில் உலகப் போட்டிக்கும் தகுதி பெற்றது. அதே ஆண்டு அந்த ஆட்டத்தை நடத்தும் ரயட் கேம்ஸ் நிறுவனம் விதி கொண்டுவந்தது: தொடக்க ஐவரில் வெளிவட்டாரத்தார் இருவருக்கு மேல் கூடாது. வந்தவர் குறிப்பிட்ட காலம் அங்கே இருந்து ஆடினால் உள்ளூராராகிவிடுவார். முதலில் இரண்டு ஆண்டு, பிறகு அதை நீட்டினார்கள். நாட்டு உரிமை பற்றிப் பேச்சே இல்லை. கொரியக் கடப்பிதழ் (பாஸ்போர்ட்) வைத்துக்கொண்டே ஒருவர் வட அமெரிக்க உள்ளூர் ஆட்டக்காரர் ஆகலாம்.

தென்கிழக்காசிய நாடுகளின் ‘சீ’ விளையாட்டுப் போட்டி வேறு கதை. 2019-இல் பிலிப்பைன்ஸில் மின்விளையாட்டுக்கு முதன்முதலாகப் பதக்கம் கொடுத்தார்கள். அங்கே நாட்டுக்காக ஆடுகிறோம், குடிமகனாக இருக்க வேண்டும்.

ஆகவே அக்கா சொல்வது சரி. இரண்டையும் ஒரே சொல்லில் போட்டால் குழப்பம் வரும். ஆனால் ஐயா, ‘உறைவு’ பிள்ளைகளுக்குப் புரியுமா?

டொரொண்டோவிலிருந்து:

இதற்கு இலங்கையில் எப்போதோ சொல் வந்துவிட்டதே: வதிவிடம். வதிவிட விசா, வதிவிடச் சான்றிதழ், வதிவிடப் பிரதிநிதி என்று கிராம சேவகர் (ஊர் மட்ட அரசு அலுவலர்) கந்தோரிலிருந்து ஐ.நா. அலுவலகம் வரை புழங்குகிறது. கிராம சேவகரிடம் வதிவிடச் சான்று வாங்காமல் பள்ளிக்கூடத்தில் பிள்ளையைச் சேர்க்க ஏலாது என்று அலைந்த சனம் நாங்கள். புதிதாக ஒன்றைச் செதுக்கி ஏன் மினக்கெட வேண்டும்? ‘வதிவிட விதி’ என்று போடுங்கள். ‘ரீஜியன் லாக்’குக்கு ‘வட்டாரப் பூட்டு’.

மதுரையிலிருந்து:

அன்பர்களுக்கு வணக்கம். வதி என்பது வசி என்பதன் திரிபு என்ற கருத்து இருக்கிறது. வசி வடசொல். தொல்காப்பியர் இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்கும் செய்யுளுக்கு உரியவை என்றார். அது வந்துவிட்ட சொல்லுக்கு. புதிதாக ஆக்கும் கலைச்சொல்லை இயற்சொல்லில் ஆக்குவதுதான் முறை. அந்த வகையில் தைப்பிங் ஐயாவின் உறைவுக்கு என் வாக்கு. தமிழ்நாட்டில் ‘ரீஜியன்’ என்பதற்கு மண்டலம் என்று எழுதுகிறோம். ‘மண்டலக் கட்டுப்பாடு’ பொருந்தும்.

டொரொண்டோவிலிருந்து:

> வதி என்பது வசி என்பதன் திரிபு

பேராசிரியர் ஐயா, வதியும் என்று சங்கப் பாட்டிலேயே பறவையும் விலங்கும் வதிகின்றன. அவ்வளவு பழைய சொல்லை வெளியே நிறுத்திவிட்டு, வடசொல்லான மண்டலத்தை உள்ளே விடுகிறீர்கள். எனக்கு இது நியாயமாகப் படவில்லை.

சுங்கை சிப்புட்டிலிருந்து:

நேற்று மாலை பயிற்சிக்கு வந்த பிள்ளைகளிடம் எல்லாச் சொற்களையும் வெண்பலகையில் எழுதிக் காட்டினேன்.

உறைவு: ஐஸ் என்றார்கள். ஒரு பெண் அங்பாவ் (பணம் வைத்துக் கொடுக்கும் அன்பளிப்பு) உறையா என்றாள். வதிவிடம்: யாருக்கும் தெரியவில்லை. மண்டலம்: இங்கே விரத நாள் கணக்கு. ‘வசிப்பு’ என்று எழுதியதும் “எங்கே வசிக்கிறோம், அதானே டீச்சர்” என்று கடைசி வரிசையிலிருந்து பதில் வந்தது. வட்டாரமும் அப்படித்தான், விளக்கம் கேட்கவே இல்லை.

குடியிருப்பு என்று போட்டால் என்ன என்று மன்றத் தலைவர் கேட்டார். நான் வேண்டாம் என்றேன். தோட்டத்தில் குடியிருப்பு என்பது வேலையோடு வந்து வேலையோடு போகும் வீடு. பெருந்தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற தோட்டத் துண்டாடல் காலத்தில் வேலை போனபோது லயமும் போனது. இந்த ஊர்க்காரரும் அந்நாள் அமைச்சருமான துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது அந்தத் துண்டாடலைப் பார்த்துத்தான். இன்றும் லயத்தைக் காலி செய்துவிட்டு உறவினர் வீட்டில் ஒண்டியிருக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. குடியிருப்பு எங்கே என்று பாரத்தில் கேட்டால் அந்தப் பிள்ளைகள் என்ன எழுதுவார்கள்? வசிப்பது இந்த ஊரில் என்று மட்டும் எல்லாராலும் எழுத முடியும்.

பாரத்தில் ஐசி எண் கட்டத்தையும் எடுத்துவிட்டோம். பள்ளித் தலைமையாசிரியரோ கோயில் நிர்வாகமோ தெரிந்த பிள்ளை என்று கையெழுத்துப் போட்டால் போதும்.

மதுரையிலிருந்து:

பலகைச் சோதனையை மதிக்கிறேன். ஆனால் பிள்ளைக்கு இன்று தெரிந்த சொல் மட்டும்தான் என்றால் ‘மின்னஞ்சல்’ வந்திருக்காது. சொல்லித்தந்தால் கற்றுக்கொள்வார்கள்.

பெட்டாலிங் ஜெயாவிலிருந்து:

சொல்லித்தர நேரம் இருக்கும் இடம் வகுப்பறை, ஐயா. இது ஆட்டத்துக்குப் பத்து நிமிடம் முன் வாசிக்கும் தாள்.

முன்பு சொல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 2020-இல் லீக் ஆஃப் லெஜண்ட்ஸின் ஓஷியானியா லீக்கை ரயட் மூடியபோது, ஆஸ்திரேலிய, நியூசிலாந்து ஆட்டக்காரர்களை வட அமெரிக்காவில் உள்ளூராராகவே கணக்கில் சேர்த்தார்கள். ஒரு நாள் கூட அங்கே வசிக்காதவருக்கும் அந்தத் தகுதி கிடைத்தது.

மதுரையிலிருந்து:

நல்ல செய்தி கொடுத்தீர்கள் தம்பி. வசிக்காதவருக்கு ‘வசிப்பு’த் தகுதி என்று எப்படி எழுதுவது? உறைவும் அங்கே பொருந்தாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். தொழில்முறைப் போட்டியில் இது உண்மையில் ‘வட்டாரத் தகுதி’. வசித்தல் அந்தத் தகுதிக்கு ஒரு வழி மட்டுமே. அகராதியில் இப்படிப் பிரித்துப் பதிவதே முறை. மண்டலத்தை விட்டுவிடுகிறேன், மலேசிய வழக்கு உயிரோடு இருக்கிறது.

தைப்பிங்கிலிருந்து:

உறைவை நான் கைவிடவில்லை. வசிப்பதற்கு மலாயில் மஸ்தௌத்தின் என்று எழுதுகிறார்கள். அது அரபுச் சொல், பிள்ளைகள் கற்றுக்கொண்டார்களா இல்லையா? ஆனால் வெள்ளிக்கிழமை என்பதால் இதில் இனி வாதாட மாட்டேன். ‘ரீஜியன் லாக்’குக்குப் பூட்டு வேண்டாம், இருவரை உள்ளே விடுகிற விதி பூட்டு ஆகாது. வயல் வரப்பின் சொல்லான வரம்பு பொருந்தும்: வட்டார வரம்பு.

என் மனம் ஆறாதது மூன்றாவது சொல்லில்தான். ‘இறக்குமதி ஆட்டக்காரர்’ என்று எழுதிவிடாதீர்கள். என் தாத்தா நாகப்பட்டினத்தில் கப்பலேறியவர். பினாங்கை அடுத்த புலாவ் ஜெரஜாக் தீவில் நோய்த்தடுப்பு முகாமில் வைத்து, சோதித்து, பிறகுதான் தோட்டத்துக்கு அனுப்பினார்கள். ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் ஒழிந்தது. தோட்டத்துக் கங்காணியே ஊருக்குப் போய் ஆள் திரட்டும் கங்காணி முறையில் ஆளெடுப்பு 1938-இல் நின்றது. அதுவரை ரப்பரை ஏற்றினார்கள், மனிதரை இறக்கினார்கள். 1969-க்குப் பிறகு, குடியுரிமை இல்லாததால் வேலை பெர்மிட் கிடைக்காமல், இங்கேயே வாழ்ந்து முடித்தவர்கள் ஊருக்குக் கப்பலேறியதைப் பினாங்குத் துறைமுகத்தில் பார்த்திருக்கிறேன். மனிதருக்கு இறக்குமதி என்ற சொல்லை எங்கள் தலைமுறையால் எழுத முடியாது.

பெட்டாலிங் ஜெயாவிலிருந்து:

ஐயா, மனம் கனத்துப் போனது. ஆனாலும் நம் நாளிதழ்கள் காற்பந்தில் வெகு காலமாக இறக்குமதி ஆட்டக்காரர் என்றுதான் எழுதுகின்றன. பையன்கள் அதைப் பெருமையாகச் சொல்கிறார்கள். 2024-இல் ரியாதில் நம் நாட்டு அணியான செலாங்கூர் ரெட் ஜயண்ட்ஸ், மொபைல் லெஜண்ட்ஸின் அனைத்துலக மிட் சீசன் கோப்பையை வென்றபோது பிலிப்பைன்ஸ்காரர்களும் அந்த அணியில் ஆடினார்கள். ‘நம்ம இம்போர்ட்’ என்றே கொண்டாடினோம். ஆடுபவர்களுக்கு அதில் இழிவு இல்லை.

டொரொண்டோவிலிருந்து:

‘அயல் ஆட்டக்காரர்’ என்றால் என்ன?

தைப்பிங்கிலிருந்து:

அயல் பக்கத்து வீடும் ஆகும், தம்பி. ஈப்போ நமக்கு அயல்தான்; பிலிப்பைன்ஸ் அப்படி அல்ல. ‘வெளிவட்டார ஆட்டக்காரர்’ நீளம்தான், ஆனால் யாரையும் புண்படுத்தாது.

சுங்கை சிப்புட்டிலிருந்து:

எல்லாருக்கும் நன்றி. பெரும்பாலோர் ஒத்துக்கொண்டபடி ‘வசிப்பு விதி’, ‘வட்டார வரம்பு’, ‘வெளிவட்டார ஆட்டக்காரர்’ என்று எழுதிக் கையேட்டை அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன். வசிப்பு விதியின் கீழே ஒரு வரியும் சேர்த்தேன்: ‘அடையாள அட்டையின் நிறம் எதுவாக இருந்தாலும், இல்லாவிட்டாலும், இந்த வட்டாரத்தில் வசிப்பவர் ஆடலாம்.’

பெட்டாலிங் ஜெயாவிலிருந்து:

நேரலையில் ஆட்டக்காரர் பெயருக்குக் கீழே வரும் பட்டையில் ‘வெளிவட்டார ஆட்டக்காரர்’ அடங்காது அக்கா. வேறு குறுஞ்சொல் கிடைக்கும் வரை திரையில் ‘இம்போர்ட்’ என்றுதான் போடுவேன். ஐயா பொறுத்தருள வேண்டும்.

தைப்பிங்கிலிருந்து:

‘வெளியார்’ என்று போடுங்கள் தம்பி. நாலு எழுத்து, பட்டையில் அடங்கும். இறக்குமதி வேண்டாம்.

மதுரையிலிருந்து:

வெளியார் என்பது வேண்டாதவர் என்ற சாயலோடு ஒலிக்கிறது, எனக்கு உடன்பாடில்லை. ‘வட்டாரத் தகுதி’யைக் குழுமச் சொற்பட்டியலில் தனிப் பதிவாகச் சேர்க்கும்படியும், ‘வசிப்பு’ குறித்த என் மறுப்பை அதன் பக்கத்தில் குறிக்கும்படியும் கேட்டுக்கொள்கிறேன்.