‘மரபணு வகை 3’: யாருடைய மரபணு?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வைரஸின் ‘ஜீனோடைப்’ (genotype) என்பதைத் தமிழில் எப்படி எழுதுவது என்று நம் குழுவில் பேச்சு நடக்கிறது. கோபி அக்காவுக்கு ‘மரபணு வகை’யே போதும். பெருந்துறை ஐயா பாடநூல் வழியில் ‘மரபுவகை’ என்கிறார். ஈரோட்டில் ஓர் ஆய்வகத்தில் அறிக்கை கொடுக்கும் மேசையில் உட்கார்ந்திருக்கும் என்னால் இரண்டுக்கும் தலையாட்ட முடியவில்லை.

கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் சி வைரஸின் சோதனை அறிக்கையோடு கொடுப்பதற்குத் தமிழில் ஒரு விளக்கத்தாள் எழுதினேன். அதில் ‘மரபணு வகை: 3’ என்று படித்த விசைத்தறிக்காரர் ஒருவர், “அப்படியானால் இது எங்கள் அப்பாவிடமிருந்து வந்ததுங்களா? பிள்ளைகளுக்கும் வருங்களா?” என்று கேட்டார். அவர் சரியாகத்தான் படித்தார். தவறு என் சொல்லில். அந்த 3 அவருடைய மரபணுவைச் சொல்லவில்லை, அவர் ரத்தத்தில் குடியேறிய வைரஸின் வம்சத்தைச் சொல்கிறது. பரவுவது ரத்தத்தின் வழியாக. தாயிடமிருந்து குழந்தைக்குப் போனாலும் அது தொற்றுதான், பரம்பரை அன்று.

ஐயா, மரபுவகைக்கு இணைச்சொல்லாகத் ‘தோற்றவகை’யை, அதாவது வெளியே தெரியும் தன்மையைக் குறிக்கும் ‘ஃபீனோடைப்’பைக் (phenotype) காட்டியிருந்தார். தோற்றம் என்றால் மாடு நினைவுக்கு வருகிறது. காங்கேயக் கன்று பிறக்கும்போது செந்நிறம்; ஆறு மாதத்தில் சாம்பல் ஏறிவிடும். கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் நிறம் பார்த்து மயிலை, காரி என்று பிரிப்பது கண். வைரஸிடம் கண்ணுக்கு வேலையில்லை. ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவிலிருந்து வைரஸின் மரபுப் பொருளான ஆர்.என்.ஏ.வைப் பிரித்து, டி.என்.ஏ.வாக மாற்றி, நகலெடுத்துப் பெருக்கும் பிசிஆர் முறையில் பெருக்கி, அதன் எழுத்து வரிசையைப் படித்தால்தான் வகை 1 என்றோ வகை 3 என்றோ தெரியும். ஏறக்குறைய 9,600 எழுத்துகளில் வகைக்கு வகை மூன்றில் ஒரு பங்கு வேறுபடும். இதுவரை எட்டு வகைகள். எட்டாவது 2018இல் அறிவிக்கப்பட்டது. நம் நாட்டில் அதிகம் காண்பது 3.

‘வைரஸ் கூட்டம்’ என்று காங்கேயம் தம்பி எழுதியதைப் பார்த்துச் சிரித்தேன், ஆனால் தள்ளிவிட மனமில்லை. கூட்டம் என்றால் ஒரே மூதாதை வழி வந்தவர்கள் என்று நம் கொங்குப் பக்கத்தில் விளக்காமலே புரியும். கரூரைத் தாண்டினால் அது பொதுக்கூட்டம் ஆகிவிடும், அதுதான் சிக்கல்.

ஆகவே என் முன்மொழிவு: ‘வைரஸ் கால்வழி’. உட்பிரிவுக்குக் ‘கிளை’. 3ஏ என்பது மூன்றாம் கால்வழி, ஏ கிளை. சோதனைக்குக் ‘கால்வழி அறிதல்’. உயிரியல் பாடத்தில் மரபுவகை அப்படியே இருக்கட்டும். நான் கேட்பது நோயாளி கையில் போகும் தாளுக்கு மட்டும். கிளையின் எழுத்தை ‘3அ’ என்று மாற்றலாம் என்ற அக்காவின் யோசனையை ஏற்கமாட்டேன். மருத்துவர் அறிக்கையையும் தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார், இரண்டும் பொருந்தவேண்டும்.

இன்னொன்று மிச்சம். இந்த வைரஸுக்கான சோபோஸ்புவிர், வெல்படாஸ்விர் கூட்டு மாத்திரை வந்தபின், வகை தெரியாமலே பலருக்குப் பன்னிரண்டு வாரச் சிகிச்சையைத் தொடங்கிவிடுகிறார்கள். அதை ‘எல்லாக் கால்வழிக்கும் கேட்கும் மருந்து’ என்று எழுதி வைத்திருக்கிறேன். நீளம்தான். சுருக்கத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். திங்கட்கிழமை தாள் அச்சுக்குப் போகிறது.