மடங்கள் தமிழைக் காத்தன, சரி. பண்ணையாளை?

குத்தாலத்தான்:
2022-இல் தருமபுரம் ஆதீனத்தின் பட்டினப் பிரவேசத்துக்கு, அதாவது மடத்துத் தலைவரைப் பல்லக்கில் வைத்து ஆட்கள் சுமந்து போகும் ஊர்வலத்துக்கு, தடை போட்டு, எதிர்ப்பு கிளம்பியதும் விலக்கிக்கொண்டார்களே, அதிலிருந்து எங்கள் பக்கம் மடம் என்று வாயெடுத்தாலே பேச்சு பல்லக்கிலேயே நின்றுவிடுகிறது. மனிதனை மனிதன் தூக்கலாமா என்று கேட்பது நியாயம்தான், கேட்கட்டும். ஆனால் திருவாவடுதுறை மடம் ஆதரித்திராவிட்டால் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அத்தனை பேருக்குச் சம்பளம் வாங்காமல் பாடம் சொல்லியிருக்க முடியுமா? அவரிடம் படித்தவர்களில் நாகூர் குலாம் காதிறு நாவலரும் உண்டு. உ.வே.சாமிநாதையருக்கு மடத்து எல்லையிலேயே வீடு கட்டிக் கொடுத்தவர் மடத்துத் தலைவர் சுப்பிரமணிய தேசிகர். பிறகு ஐயர் சீவக சிந்தாமணிக்கு ஏடு தேடியபோது மடத்துச் சுவடியும் கை கொடுத்தது. அது சமணக் காப்பியம், இருந்தது சைவ மடத்தில். 1887-இல் அச்சில் வந்ததால்தான் நாம் படிக்கிறோம். துறவிகள் சமூகத்துக்கு என்ன செய்தார்கள் என்று கேட்பவர்களுக்கு இதைவிட வேறென்ன சொல்வது?

வெண்ணாற்றுக்காரன்:
அண்ணே, ஏடு காத்ததை நான் மறுக்கவில்லை. ஏடு படித்தவர் சாப்பிட்ட அரிசியை நட்டது யார் என்று கேட்கிறேன். என் தாத்தா கோயில் நிலத்தில் பண்ணையாள், பண்ணைக்கே கட்டுப்பட்டுக் கிடந்த கூலி. பட்டா சாமி பேரில், குத்தகை மிராசுதார் பேரில், சேற்றில் நின்றது தாத்தா. வரப்பில் வாய் திறந்து கூலி கேட்டால் சவுக்கடி, இல்லையென்றால் சாணியைக் கரைத்து வாயில் ஊற்றும் சாணிப்பால். கீழத்தஞ்சையில் பெரியவர்களைக் கேளுங்கள், சொல்வார்கள். அவர் அறுத்துப் போட்ட நெல்லில் நைவேத்தியம் நடக்கும், அவர் மட்டும் கோபுரத்துக்கு வெளியே நின்று கும்பிட வேண்டும். பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952-இல்தான் வந்தது, அதைக் கொண்டுவர வைத்தது கம்யூனிஸ்டுகளின் செங்கொடிச் சங்கம். எந்த மடத்துச் சன்னிதானமும் இல்லை. 1961 நில உச்சவரம்புச் சட்டத்தில்கூட கோயில், மட நிலங்களுக்கு விலக்குதான் கொடுத்தார்கள்.

இன்னும் பின்னே போகலாம். திருப்பாம்புரத்தில் 1201-ஆம் வருஷத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. பஞ்சத்தில் ஒரு வேளாளரும் அவர் மகள்கள் இரண்டு பேரும் 110 காசுக்குக் கோயிலுக்கு அடிமையாகத் தங்களை விற்றுக்கொண்டார்கள்.

குத்தாலத்தான்:
தம்பி, அதே கல்வெட்டை நான் வேறு மாதிரிப் படிக்கிறேன். ஊரே பட்டினி கிடந்த வருஷத்தில் சோறு இருந்த ஒரே வாசல் கோயில். அது இல்லையென்றால் அந்த மூன்று பேரும் செத்திருப்பார்கள்.

வெண்ணாற்றுக்காரன்:
சோறு இருந்தால் போட வேண்டியதுதானே அண்ணே, அவர்களை எழுதி வாங்குவது எதற்கு? வாங்கியதோடு விடாமல் கல்லிலும் வெட்டி வைத்திருக்கிறார்கள்.

தரங்கம்பாடி டீச்சர்:
இரண்டு பேரும் சைவ மடத்தையே சுற்றி வருகிறீர்கள். எங்கள் ஊரில் 1706-இல் ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு வந்து இறங்கினார், 1715-க்குள் தமிழில் புதிய ஏற்பாடே அச்சாகிவிட்டது. நான் அந்தச் சபையைச் சேர்ந்தவள், அவரைப் பற்றிப் பெருமைப்படுகிறவள். ஆனால் அதற்கப்புறம் நூறு வருஷத்துக்கு மேல் தஞ்சாவூர்ச் சீமைச் சபைகளில் ஆராதனையில் சாதிக்கொரு பக்கமாகத்தான் உட்கார்ந்தார்கள். 1833-இல் பிஷப் டேனியல் வில்சன் இந்த வேற்றுமையை உடனே விட்டாக வேண்டும் என்று எழுதியபோது எதிர்த்தவர்களில் தஞ்சாவூர்க் கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயகம் சாஸ்திரியாரும் ஒருவர். அவருடைய பாட்டுகளை நாங்கள் இன்றைக்கும் உருகிப் பாடுகிறோம். பக்தி இருந்தால் சாதி தானாகக் கரையும் என்று யாராவது சொன்னால் எனக்குச் சாஸ்திரியார்தான் ஞாபகத்துக்கு வருகிறார். அவர் பக்தியில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

குத்தாலத்தான்:
டீச்சர், நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். ஆனால் பக்தி கரைத்த இடமும் இருக்கிறதே. கோபாலகிருஷ்ண பாரதி நாகப்பட்டினத்துப் பக்கம் நரிமணத்தில் பிறந்தவர், கட்டை பிரம்மச்சாரி, சிவபக்தர். சிதம்பரம் போக ஏங்கிய, தீண்டாமைக்கு ஆளான பக்தர் நந்தனாரின் கதையைக் கீர்த்தனையாகப் பாடினார். பெரியபுராணத்தில் நந்தனாருக்கு ஆண்டை என்று யாரும் கிடையாது. இவர்தான் ஒரு வேதியரை ஆண்டையாகக் கொண்டுவந்து, நாற்பது வேலியையும் அறுத்து முடித்துவிட்டுச் சிதம்பரம் போ என்று சொல்ல வைத்தார். பண்ணையாளின் வயிற்றெரிச்சலை மேடையில் ஏற்றியவர் ஒரு பிராமண பக்தர், அதுவும் 1860-களிலேயே. ஊர் ஊராகக் கதாகாலட்சேபம் நடந்தது, மிராசுதார்கள் முன்னால் உட்கார்ந்து அழுதார்கள்.

வெண்ணாற்றுக்காரன்:
அழுதார்கள், மறுநாள் காலையில் களத்துக்குப் போய் என்ன செய்தார்கள்? அந்தக் கீர்த்தனைக்குச் சிறப்புப்பாயிரம், அதாவது நூலைப் பாராட்டி முன்னால் வைக்கிற பாட்டு, கேட்டுக் கோபாலகிருஷ்ண பாரதியார் நடையாய் நடந்தது உங்கள் மகாவித்துவானிடம்தான். இலக்கணப் பிழை இருக்கிறது என்று அவர் நாளைக் கடத்தினார். கடைசியில் பாட்டைக் காதால் கேட்டு மனம் இளகித்தான் கொடுத்தார். அந்த இளக்கத்தை நான் மதிக்கிறேன் அண்ணே, நிஜமாகவே. அது ஒரு மனிதருக்குள் வந்த இளக்கம். குத்தகைக் கணக்கில் அப்படி ஒன்று வரவில்லை. கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 ராத்திரி, கூலி உயர்வு கேட்ட தலித் விவசாயக் கூலிக் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரே குடிசையில் எரிந்தார்கள். தேவாரம் பிறந்த மண், திருவாரூர்த் தேர் ஓடுகிற மண் என்கிறோமே, அதில் நடந்தது. ஆயிரத்து முந்நூறு வருஷம் பதிகம் பாடிய இடத்தில் இது நடக்குமென்றால், பக்தி சமூகத்துக்குள் எவ்வளவு தூரம் இறங்கியது என்று கேட்க எனக்கு உரிமை உண்டு.

குத்தாலத்தான்:
வெண்மணிக்கு எதிராக வாதம் எதுவும் என்னிடம் இல்லை தம்பி, வைக்கவும் மாட்டேன். ஆனால் கொளுத்தியவர்கள் பக்தியின் பேரால் கொளுத்தவில்லை, அரைப்படி நெல் கூலித் தகராறில் கொளுத்தினார்கள். மடத்தை இடித்துவிட்டால் அது நின்றிருக்குமா? மடம் வேண்டும், அது மாற வேண்டும் என்பதுதான் என் கட்சி. தேவாரப் பாடசாலையில் எல்லாத் தெருப் பிள்ளைகளும் உட்காரட்டும், பண்ணோடு ஓதட்டும்.

வெண்ணாற்றுக்காரன்:
உட்காரட்டும், சந்தோஷம். கூடவே இன்னொன்றும் வேண்டும். மட நிலம், கோயில் நிலம் எத்தனை வேலி யார் யார் பேரில் குத்தகைக்கு இருக்கிறது, அதில் உண்மையாக உழுகிறவர் எந்தத் தெரு, கோயில் அடிமனையில் வீடு கட்டிக் குடியிருப்பவருக்குப் பகுதி என்கிற மனை வாடகை எவ்வளவு ஏறியிருக்கிறது, இதை ஊர் ஊராகக் கோயில் வாசலிலேயே எழுதி ஒட்டட்டும். குருபூஜை பத்திரிகை ஒட்டுகிற அதே சுவரில் ஒட்டலாம்.

தரங்கம்பாடி டீச்சர்:
சபைச் சொத்துக் கணக்கையும் சேர்த்துக் கேளுங்கள். நான் எங்கள் பக்கம் கேட்கிறேன்.