மறுமொழி: ‘கிளாய்ஸ்டர்’ என்பதற்குப் பிராகாரம் வேண்டாம், உட்கட்டு வேண்டும்

அனைவருக்கும் வணக்கம்.

இடைக்கால இங்கிலாந்தின் துறவு மடங்களைப் பற்றித் தமிழில் எழுத நாம் தொகுக்கும் சொற்பட்டியலில் ‘அபே’, ‘சாப்டர் ஹவுஸ்’, ‘கிளாய்ஸ்டர்’ என மூன்று சொற்கள் முடிவாகாமல் நிற்கின்றன. இரண்டைச் சட்டென்று முடித்துவிட்டு மூன்றாவதற்கு வருகிறேன். என் மனம் முழுக்க அதில்தான் இருக்கிறது.

முதலில் துறவு மடத்தைக் குறிக்கும் ‘அபே’. ஊர்ப் பெயரோடு வரும்போது அப்படியே விட்டுவிடலாம். வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் 1559க்குப் பிறகு துறவிகள் இல்லை, பாத் அபே இன்று ஒரு பங்குக் கோயில். அவற்றை மடம் என்று எழுதினால் தவறான செய்தியாகிவிடும். பொதுச்சொல்லாக வந்தால் ‘மடம்’ போதும். கன்னியர் மடம் என்று தமிழ்க் கிறித்தவர்கள் எத்தனையோ தலைமுறையாகச் சொல்லி வருகிறார்களே.

> அபே என்றால் பெருமடம், பிரையரி என்றால் சிறுமடம் என்று வைத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு அளவில் இல்லை, தலைமையில் இருக்கிறது. அபேக்கு மடாதிபதி தலைவர், பிரையரிக்கு முதல்வர். டர்ஹமில் பிஷப்பே மடாதிபதியின் இடத்தில் இருந்ததால் மடத்தை நடத்தியவர் முதல்வர்தான். ஆகவே அது பிரையரி. 1093இல் தொடங்கிய அந்த மாபெரும் கோயிலைப் பார்த்தவர் யாரும் அதைச் சிறுமடம் என்று சொல்ல மாட்டார். வேறுபாட்டைக் காட்டியே ஆக வேண்டிய இடத்தில் ‘மடாதிபதி மடம்’, ‘முதல்வர் மடம்’ என்று எழுதுவோம்.

அபேக்குப் ‘பெரும்பள்ளி’ என்ற யோசனை வந்தபோது எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. பள்ளி என்பது துறவிகளின் இருப்பிடத்துக்குப் பழைய சொல். திருகோணமலைக்கு அருகிலுள்ள வெல்கம் என்ற பௌத்த விகாரத்துக்குச் சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுகளில் இராசராசப் பெரும்பள்ளி என்றுதான் பெயர். ஆனால் இன்று படிப்பவர் மனத்தில் பெரிய பள்ளிக்கூடம் ஒன்றுதான் வந்து நிற்கும். மனமில்லாமல்தான் விடுகிறேன்.

அடுத்தது ‘சாப்டர் ஹவுஸ்’, மடத்துத் துறவிகள் கூடும் அறை. புனித ஆசீர்வாதப்பர் (பெனடிக்ட்) துறவிகளுக்கு எழுதிய ஒழுங்குநூலில் 73 அதிகாரங்கள். நாள்தோறும் துறவிகள் கூடி அதில் ஒரு பகுதி வாசிக்கக் கேட்பார்கள். அதிகாரத்துக்கு ஆங்கிலத்தில் ‘சாப்டர்’. அறைக்குப் பெயர் வந்தது அதனால்தான். ‘அதிகாரக் கூடம்’ என்று மொழிபெயர்த்தால் குறளை நினைப்பவருக்குப் புரியும், மற்றவர்களுக்கு ஆட்சி அதிகாரம்தான் நினைவுக்கு வரும். வாசிப்பு முடிந்ததும் அங்கேயே குற்றங்களை ஒப்புக்கொண்டார்கள், தண்டனை பெற்றார்கள், மடத்தின் காரியங்களைப் பேசி முடிவெடுத்தார்கள். ‘அவைக்கூடம்’ என்றால் இவ்வளவும் அதில் அடங்கிவிடுகிறது.

சரி, கிளாய்ஸ்டர். மடத்தின் நடுவே ஒரு திறந்தவெளி, அதைச் சுற்றி நான்கு பக்கமும் கூரையிட்ட நடைகள் என்று அமைந்த பகுதி அது.

பட்டியலில் இதுவரை வந்தவை பிராகாரம், திருச்சுற்று மாளிகை, தூண்நடை, நடைமண்டபம். முதல் இரண்டும் நம் கோயில்களிலிருந்து வந்தவை. தஞ்சைப் பெரிய கோயிலின் திருச்சுற்று மாளிகையைப் படத்தில் பார்த்தால் கிளாய்ஸ்டர் போலவே தோன்றும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். தூண் வரிசை, கூரை, திறந்தவெளி எல்லாம் உண்டு. ஆனால் அங்கே நடுவில் கருவறை இருக்கிறது, மக்கள் அதைச் சுற்றி வருகிறார்கள். கிளாய்ஸ்டரின் நடுவில் எந்தச் சன்னிதியும் இல்லை, வெறும் புல்தரைதான். மடத்தின் கோயில், அதாவது தேவாலயம், அதன் ஒரு பக்கத்தில் நிற்கிறது. பிராகாரம் என்று எழுதினால் மடத்தின் தரைப்படத்தையே வாசகருக்குத் தலைகீழாகக் கொடுத்துவிடுவோம்.

தூண்நடை, நடைமண்டபம் இரண்டிலும் வேறொரு குறை. நடப்பதை மட்டும்தான் அவை சொல்கின்றன. துறவிகள் அங்கே நடந்ததைவிட உட்கார்ந்த நேரம்தான் அதிகம். குளோஸ்டரில் இன்று பேராலயமாக உள்ள பழைய புனித பேதுரு மடத்தைப் பாருங்கள். அதன் தெற்குத் தாழ்வாரத்தில் சன்னலை ஒட்டி 20 சிறு மாடங்கள் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு துறவி அமர்ந்து படிப்பதற்கான இடம். எதிரே வடக்குத் தாழ்வாரத்தில் சாப்பாட்டுக்கு முன் கை கழுவ நீண்ட கல்தொட்டி. தலைக்கு மேலே 14ஆம் நூற்றாண்டில் கட்டிய, விசிறி போல் விரியும் வளைகூரை. இன்று எஞ்சியிருக்கும் விசிறிக் கூரைகளில் காலத்தால் முந்தியது அதுதான். படிப்பது, எழுதுவது, கழுவுவது, பவனி போவது எல்லாமே அந்த நான்கு தாழ்வாரங்களில் நடந்தன. இதை ஒரு நடைபாதையின் பெயரால் எப்படிச் சொல்வது?

இதற்கான சொல் நம் பழைய வீடுகளில் இருக்கிறது என்பது என் எண்ணம். நடுவில் முற்றம், நாலு பக்கமும் தாழ்வாரம், தாழ்வாரத்தை ஒட்டி அறைகள் என்று அமைந்த பகுதியை ‘கட்டு’ என்கிறோம். முதற்கட்டு வரை யாரும் வரலாம். இரண்டாங்கட்டு வீட்டாருக்கு. ஆகவே என் முன்மொழிவு: கிளாய்ஸ்டர் முழுவதற்கும் ‘உட்கட்டு’, நடுவிலுள்ள புல்தரைக்கு ‘நடுமுற்றம்’, சுற்றியுள்ள கூரையிட்ட நடைகளுக்குத் ‘தாழ்வாரம்’.

இது வடிவத்துக்கு மட்டும் பொருந்துவதில்லை. கிளாய்ஸ்டரின் இலத்தீன் மூலத்துக்கு அடைக்கப்பட்ட இடம் என்று பொருள். வெளியாருக்கு அங்கே இடமில்லை. சிஸ்டர்சியன் என்ற துறவு சபையில் இன்னும் கடுமை. வாக்குக் கொடுத்து அதே மடத்தில் வாழ்ந்து வயலிலும் ஆட்டுப்பட்டியிலும் உழைத்த பணித்துறவியர்கூடத் தனியாக மேற்குப் பகுதியில்தான் இருந்தார்கள். யார்க்‌ஷயரின் பைலண்ட் மடத்தில் அவர்கள் கோயிலுக்குப் போய்வர மேற்குக் கட்டடத்துக்கும் உட்கட்டுக்கும் இடையில் தனிச் சந்தே விட்டிருக்கிறார்கள். ‘உள்’ என்ற முன்னொட்டு இதைச் சொல்லிவிடுகிறது. ‘கட்டு’ என்பதில் கட்டுப்பாடும் சேர்ந்தே ஒலிக்கிறது.

> உட்கட்டு என்றதும் உட்கட்டமைப்பு நினைவுக்கு வருகிறதே?

நியாயமான கேள்வி. கட்டுரையில் முதல் தடவை ‘மடத்து உட்கட்டு’ என்று எழுதி, நடுமுற்றத்தையும் தாழ்வாரத்தையும் அதே வாக்கியத்தில் சொல்லிவிட்டால் குழப்பம் வராது. சென்னையில் அடுக்குமாடியில் வளர்ந்தவருக்குக் கட்டு தெரியாமல் இருக்கலாம், ஆனால் முற்றமும் தாழ்வாரமும் தெரியும். அந்த இரண்டும் கைகொடுக்கும்.

இதில் நான் இவ்வளவு பிடிவாதம் பிடிப்பதற்குக் காரணம் உண்டு. எட்டாம் ஹென்றி 1536 முதல் 1540 வரை மடங்களைக் கலைத்தபோது கூரையின் ஈயத்தை உரித்து விற்றார்கள், கல்லை அக்கம்பக்கத்தார் எடுத்துப்போனார்கள். கோயிலின் தடித்த சுவர்கள் பல இடங்களில் தப்பின. மெல்லிய தூண்கள் மேல் நின்ற தாழ்வாரங்கள்தாம் முதலில் போயின. குளோஸ்டர் 1541இல் பேராலயமானதால் பிழைத்தது. இடிந்து கிடக்கும் ஃபவுன்டன்ஸ் மடத்தில் இன்று போய் நின்றால் சுவர்களுக்கு நடுவே ஒரு சதுரப் புல்வெளிதான் இருக்கிறது. அதனால்தான் நம் பயணக் கட்டுரைகளிலும் அது வெறும் புல்வெளி என்றே வருகிறது. அந்த மடத்தில் மனிதர்கள் பகலெல்லாம் இருந்த இடம் அது. இடிந்த தாழ்வாரத்தைச் சொல்லாவது நிறுத்திக் காட்ட வேண்டும்.

சொல்லை வாக்கியத்தில் போட்டுப் பார்த்தால்தான் தெரியும் என்று இங்கே பலமுறை பேசியிருக்கிறோம். நான் எழுதிப் பார்த்தது இது:

“1132இல் தொடங்கிய ஃபவுன்டன்ஸ் மடத்தில் கோயிலுக்குத் தெற்கே உட்கட்டு அமைந்திருந்தது. நடுமுற்றத்தின் நாற்புறமும் தாழ்வாரங்கள். கோயிலை ஒட்டிய வடக்குத் தாழ்வாரத்தில் வெயில் விழும் என்பதால் துறவிகள் அங்கே அமர்ந்து படித்தார்கள். கிழக்குத் தாழ்வாரத்திலிருந்து அவைக்கூடத்துக்கு வழி. தெற்கே உணவுக்கூடம், அதன் ஒரு பக்கம் அடுக்களை, மறுபக்கம் குளிர்காயும் அறை. மேற்கே ஏறக்குறைய 90 மீட்டர் நீளத்துக்குப் பணித்துறவியரின் கட்டடம். அதன் கீழ்த்தளத்து வளைகூரை இன்னும் இடியாமல் நிற்கிறது.”

‘உட்கட்டு’ இருக்கும் இடத்தில் பிராகாரத்தையோ நடைமண்டபத்தையோ போட்டு ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். மாற்றுக் கருத்து இருந்தால் இதே பத்தியை உங்கள் சொல்லால் எழுதி அனுப்புங்கள். ‘பணித்துறவியர்’ என்ற சொல்லில் எனக்கே முழுத் திருப்தி இல்லை, அதற்கும் யோசனை வேண்டும்.

அன்புடன்.