புளித்த தயிரை உறை ஊற்றினால் பால் ஏன் சரியாகத் தோய்வதில்லை?

செந்தூல் தயிர்க்காரி:
வணக்கம். செந்தூலில் வீட்டிலேயே தயிர் தோய்த்து விற்று வருகிறேன். முந்தைய நாள் தயிரில் உறை ஊற்றினால் குறையில்லை. குளிர்சாதனப் பெட்டியில் நெடுநாள் கிடந்து நன்றாகப் புளித்ததை ஊற்றினாலோ, தோய்வதற்கு வெகுநேரம் பிடிப்பதோடு, கெட்டிப்படுவதற்குள் புளிப்பு முந்திக்கொள்கிறது. அமிலத்தை உண்டாக்குவதே அந்தப் பாக்டீரியாதான் என்றால், அதே அமிலம் அதை என்ன செய்கிறது?

பினாங்கு நுண்ணுயிரியல் மாணவன்:
அக்கா, லாக்டிக் அமிலம் இரண்டு வடிவங்களில் இருக்கும். புரோட்டானை (புளிப்பைத் தரும் ஹைட்ரஜன் அயனியை) இழந்த வடிவத்துக்கு மின்னூட்டம் உண்டு. அதனால் செல் சவ்வைக் கடப்பது கடினம். புரோட்டானை விடாத வடிவமோ சவ்வில் எளிதாக ஊடுருவி, உள்ளே புளிப்பு குறைவாக இருப்பதால் அங்கே பிரிந்து, புரோட்டானை இறக்கிவிடுகிறது. பி.எச். என்பது புளிப்பின் அளவுகோல், எண் குறையக் குறையப் புளிப்பு கூடும். இந்த அமிலத்தின் பிகேஏ மதிப்பு, அதாவது இரண்டு வடிவங்களும் சரிபாதியாக இருக்கும் பி.எச்., 3.86 என்பதால், பால் திரளும் பி.எச். 4.6இல் ஊடுருவும் வடிவம் சுமார் 15 விழுக்காடுதான், 4.0க்கு இறங்கினால் அது 42 விழுக்காட்டை எட்டிவிடும். நாவுக்குச் சிறிதாகத் தெரியும் அந்த வேறுபாடு செல்லுக்குப் பெரும் சுமை.

உள்ளே வந்த புரோட்டானை ஏடிபியேஸ் என்னும் புரத இயந்திரம், செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபியைச் செலவழித்து வெளியேற்றுகிறது. எனக்கு வியப்பாக இருப்பது வேறொன்று. குடலில் வாழும் ஈ. கோலி பாக்டீரியா தன் உட்புறத்தை நடுநிலைக்கு அருகிலேயே வைத்திருக்கப் போராடும். லாக்டிக் பாக்டீரியாக்களில் பலவோ, வெளியே பி.எச். இறங்க இறங்க உள்ளேயும் ஓரளவு இறங்கவிட்டு, இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு மிகாமல் பார்த்துக்கொள்கின்றன. உட்புறத்தை நடுநிலையில் வைத்திருந்தால் நுழையும் அமிலம் முழுவதும் அங்கே பிரிந்து, புரோட்டானை இழந்த வடிவமான லாக்டேட்டாகத் தேங்கிவிடும் என்பதால், இது விட்டுக்கொடுத்துப் பிழைக்கும் தந்திரம். இதைத் தவிர, சில இனங்கள் ஆர்ஜினின் என்னும் அமினோ அமிலத்தைச் சிதைத்து, புளிப்பைத் தணிக்கும் அம்மோனியாவையும் கொஞ்சம் ஏடிபியையும் பெறுகின்றன. சவ்வின் கொழுப்பமிலங்களை மாற்றியமைப்பதும், குலைந்த புரதங்களைச் சீர்செய்யும் துணைப்புரதங்களைப் பெருக்குவதும் உண்டு.

கோலாலம்பூர் பால்பொருள் ஆய்வகர்:
தம்பி சொன்னது சரி. ஆனால் அக்காவின் சிக்கலுக்கு விடை இரண்டு பாக்டீரியாக்களுக்கு இடையில் இருக்கிறது. யோகர்ட்டில் உருண்டையான ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோபிலஸ் முதலில் பெருகிப் புளிப்பைத் தொடங்கிவைக்கும். கோல் வடிவ லாக்டோபேசில்லஸ் பல்காரிக்கஸ் கூடுதல் புளிப்பையும் தாங்கி, குளிரிலும் மெதுவாக அமிலத்தைச் சேர்த்துக்கொண்டே போகும். நாள்பட்ட தயிரில் முன்னது மெலிந்து பின்னது மிஞ்சுவதால், தொடக்கம் மந்தமாகிறது, புளிப்பு மட்டும் தூக்கலாகிறது. வீட்டுத் தயிரில் வேறு இனங்களும் கலந்திருக்கும் என்றாலும் போக்கு இதுவே.

அமிலத்தின் அளவோடு அது வரும் வேகமும் முக்கியம். லாக்டோகாக்கஸ் லாக்டிஸ் என்னும் மற்றொரு லாக்டிக் பாக்டீரியாவை முதலில் பி.எச். 5.5 போன்ற மிதமான புளிப்பில் சிறிது நேரம் வைத்திருந்து பழக்கினால், பின்னர் 3.9 போன்ற கொல்லும் புளிப்பில் பழக்காத செல்களைவிட மிக அதிகமானவை பிழைக்கின்றன. அந்த இடைவெளியில் அவை காப்புப் புரதங்களைத் தயாரித்துக்கொள்கின்றன.

பாலிக் புலாவ் வாசகர்:
தோசை மாவிலும் இப்படித்தான். மாவைப் பொங்கவைக்கும் லூக்கோநாஸ்டாக் பாக்டீரியா, உள் பி.எச். 5.4 முதல் 5.7 வரை இறங்கியதும் தளர்ந்துவிடும். லாக்டோபேசில்லஸ் பிளான்டாரமோ 4.6 முதல் 4.8 வரை தாங்கும். எங்கள் ஊர் டுரியான் பழத்தைப் புளிக்கவைத்துச் செய்யும் தெம்போயாக்கிலும் பிளான்டாரம் காணப்படுகிறது.

செந்தூல் தயிர்க்காரி:
மிக்க நன்றி. புளித்துவிட்ட உறையைத் தேற்ற வழியுண்டா?

கோலாலம்பூர் பால்பொருள் ஆய்வகர்:
உண்டு, தெர்மோபிலஸ் முற்றாக அழிந்திராவிட்டால். காய்ச்சிய பாலை 42 பாகை செல்சியஸுக்கு ஆறவைத்து, சிறிதளவு உறை ஊற்றி, கட்டியாக நின்ற உடனேயே குளிரில் வைத்துவிடுங்கள். அதிலிருந்து மறுமுறையும் அவ்வாறே தோய்த்துப் பாருங்கள். அப்போதும் மந்தமாகவே இருந்தால் புதிய உறை வாங்குவதே நல்லது.