எங்கள் குடும்பக் குழுவில் ஒரு வசன அட்டை

*15ஆம் தேதி*

பெரியம்மா, காலை 5.40: எல்லோருக்கும் ஸ்தோத்திரம். இன்று 15ஆம் தேதி, வேதாகமத்தில் நீதிமொழிகள் 15ஆம் அதிகாரம்.

அம்மா, 5.52: ஸ்தோத்திரம் அக்கா. வாசித்துவிட்டேன்.

மதினி, 8.10: அத்தை, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். தினமும் உங்கள் மெசேஜுக்கு ஆமென் போடுகிறேன், ஆனால் வேதாகமத்தைத் திறந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. காலையில் பாப்பாவுக்கு டிபன் பாக்ஸ், ஏழரைக்கு வேன், அப்புறம் ஆபீஸ். ராத்திரி திறந்தால் இரண்டாவது வசனத்திலேயே கண் சொக்குகிறது.

அண்ணன், 8.14: என் மேலும் தப்பு இருக்கிறது. ஜனவரி முதல் தேதி இரண்டு பேரும் சேர்ந்துதான் ஆரம்பித்தோம். தினம் மூன்று அதிகாரம், ஞாயிறு ஐந்து. அப்படிப் போனால் 1189 அதிகாரமும் ஒரு வருஷத்தில் முடிந்துவிடும். ஆதியாகமமும் யாத்திராகமமும் ஜனவரியிலேயே முடிந்தன. லேவியராகமத்தில் பலி முறைகள் வந்ததும் நின்றுவிட்டோம். பாக்கி ஏற ஏற, திறக்கவே சங்கடமாக இருக்கிறது.

பெரியம்மா, 8.31: அது பாக்கி வைக்கிற கடன் நோட்டு இல்லை ஐயா. விட்ட நாளை விட்டுவிடு. நீதிமொழிகளில் 31 அதிகாரம், தேதி பார்த்துத் திறந்தால் போதும். நேற்று விட்டுப்போனாலும் இன்றைக்கு இன்றைய அதிகாரம்தான்.

பெரியம்மா, 8.36: எங்கள் ஆச்சிக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. கோயிலில் கேட்டுக் கேட்டே 121ஆம் சங்கீதம் மனப்பாடம். எட்டே வசனம். நாங்கள் பள்ளிக்குப் புறப்படும்போது வாசலில் நிறுத்தி, தலையில் கை வைத்து, “கர்த்தர் உன் போக்கையும் உன் வரத்தையும் இதுமுதற்கொண்டு என்றைக்குங் காப்பார்” என்று சொல்லித்தான் அனுப்புவாள்.

அம்மா, 8.38: மழை நாளிலும் வசனம் சொன்ன பிறகுதான் குடையைக் கையில் கொடுப்பாள்.

பெரியம்மா, 8.45: உபாகமம் 6ஆம் அதிகாரம் சொல்கிற நேரங்களைப் பாரம்மா. வீட்டில் உட்கார்ந்திருக்கிறபோது, வழியில் நடக்கிறபோது, படுத்துக்கொள்ளுகிறபோது, எழுந்திருக்கிறபோது. வேனுக்காக நீ பாப்பாவோடு கேட்டில் நிற்கிற ஐந்து நிமிஷமும் அதற்குள் வந்துவிடும்.

மதினி, 8.47: ஆச்சி சொன்ன அந்த வசனத்தையே நாளைக்குப் பாப்பாவுக்குச் சொல்லி அனுப்புகிறேன் அத்தை.

நான், மதியம் 1.05: பெரியம்மா, இன்றைய முதல் வசனம், “மெதுவான பிரதியுத்தரம் உக்கிரத்தை மாற்றும்.” தண்ணீர் மோட்டார் விஷயத்தில் கீழ்வீட்டு அக்காவும் நானும் நான்கு நாளாகப் பேசவில்லை. நன்றாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று வார்த்தைகளைக்கூட யோசித்து வைத்திருந்தேன். காலையில் இதை வாசித்த பிறகு அது வாயில் வரவில்லை. நானே போய், “மோட்டாரை எத்தனை மணிக்குப் போட்டால் உங்களுக்கு வசதி?” என்று கேட்டேன். உட்காரச் சொல்லி காபி கொடுத்தார்கள்.

தம்பி (ஷார்ஜா), இரவு 9.20: பெரியம்மா, எனக்கு ஒரு சந்தேகம். புதுவருஷ ஆராதனையில் இந்த வருஷத்து வாக்குத்தத்த வசனம் என்று எனக்கு வந்த அட்டை எரேமியா 29:11. சமாதானத்துக்கேதுவான நினைவுகள் என்று இருக்கிறது. பர்சில்தான் வைத்திருக்கிறேன். ஆனால் லீவு மறுபடியும் தள்ளிப்போய்விட்டது. சில நாள் அட்டையைப் பார்த்தால் அழுகை வருகிறது.

பெரியம்மா, 9.33: ராசா, அட்டையில் இருப்பது ஒரு கடிதத்தின் நடுவரி. எருசலேமிலிருந்து பாபிலோனுக்குப் பிடித்துக்கொண்டு போனவர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எழுதியது. முந்தின அதிகாரத்தில் அனனியா என்கிற இன்னொரு தீர்க்கதரிசி, இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பிவிடும் என்று சொல்கிறான். அது பொய். எரேமியாவின் கடிதத்திலோ, உன் வசனத்துக்கு முந்தின வசனத்திலேயே எழுபது வருஷம் என்று இருக்கிறது. அந்த ஜனங்களும் அழுதிருப்பார்கள். நீ அழுவதால் உன் விசுவாசம் குறைந்துபோகாது.

பெரியம்மா, 9.37: அட்டையை மட்டும் பார்க்காதே. முதல் வசனத்திலிருந்து 14 வரை வாசி. அவசரப்படாமல், வாய்விட்டு.

*17ஆம் தேதி*

மதினி, காலை 7.34: இன்று நான் வசனத்தை மறந்துவிட்டேன். பாப்பா வேன் படியில் ஏறாமல் நின்று, “போக்கையும் வரத்தையும் சொல்லும்மா” என்றாள்.

அண்ணன், 7.36: ஆபீஸ் புறப்படும்போது எனக்கும் சொல்லி அனுப்பினாள்.

தம்பி, இரவு 10.02: பெரியம்மா, இரண்டு நாளாக அந்தக் கடிதத்தைத்தான் வாசிக்கிறேன். 5ஆம் வசனத்தில் வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டுங்கள், அதன் கனியைச் சாப்பிடுங்கள் என்று இருக்கிறது. 7இல் அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபிக்கச் சொல்கிறது. இந்த ஊருக்காக நான் ஒரு நாளும் ஜெபித்ததில்லை. எப்போது கிளம்பலாம் என்றே இருந்தேன். இன்று ரூமில் இருக்கிற ஐந்து பேர் பெயரையும் சொல்லி ஜெபித்தேன். ஜன்னல் ஓரத்தில் ஒரு பழைய டப்பாவில் கொத்தமல்லியும் போட்டிருக்கிறேன்.

பெரியம்மா, 10.05: கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

அம்மா, 10.06: விதையைத் தேய்த்து இரண்டாக உடைத்துப் போட்டாயா? முழுசாகப் போட்டால் முளைக்க நாளாகும். தண்ணீரைத் தெளித்தால் போதும், ஊற்றாதே.