சிலிண்டர் நம்பர் கேட்டு வந்த போன்

கல்யாணமாகி இரண்டு வருடம், எனக்கு ஏதோ மறதி வியாதி என்று நானே நம்பிக்கொண்டிருந்தேன். முதலில் அதைத்தான் சொல்ல வேண்டும். அவருக்கு இன்னொரு குடும்பம் இருந்தது என்பதெல்லாம் அப்புறம்.

2019 ஆவணியில் தஞ்சாவூரில் கல்யாணம். மருந்து கம்பெனியில் விற்பனை வேலை, மாதத்தில் பாதி நாள் வெளியூர் என்று சொல்லித்தான் பெண் கேட்டார்கள். பெற்றோர் இல்லை, பெரியப்பா, பெரியம்மா என்று இருவர் வந்து தாம்பூலம் மாற்றினார்கள். அதன் பிறகு ஒரு பொங்கலுக்குக்கூட அவர்கள் எட்டிப் பார்க்கவில்லை. கேட்டால், "போன மாசம்தானே வந்தாங்க, நீதானே காபி போட்டுக் கொடுத்தே?" என்பார். முகத்தில் ஒரு சலனம் இருக்காது. பீரோ சாவி வைத்த இடத்தில் இருக்காது. "இவளுக்கு வர வர மறதி ஜாஸ்தியாகுது அத்தை" என்று என் அம்மாவிடம் கவலையோடு சொல்வார். அம்மாவும் பாவம், வாரா வாரம் வல்லாரைக் கீரை கொடுத்தனுப்பினாள்.

2021-இல் ஒரு நாள் அவர் குளித்துக்கொண்டிருக்கும்போது அவர் போன் அடித்தது. எடுத்தேன். "மேடம், சார் இல்லையா? சிலிண்டர் கொண்டு வந்திருக்கேன். வீட்ல அக்காகிட்ட நம்பர் கேட்டா, மெசேஜ் சாருக்குத்தான் வரும்னாங்க." எங்கள் வீட்டுக்கு சிலிண்டர் வந்து பத்து நாள்கூட ஆகவில்லை. எந்த ஊர் என்றேன். கரூர் என்றார். பின்னால் ஒரு குழந்தை "அப்பாவா?" என்று கேட்டது காதில் விழுந்தது.

அவர் பதறவே இல்லை. "போனே வரலையே" என்று எடுத்துக் காட்டினார். வந்த அழைப்புகளில் அந்த நம்பர் இல்லை. அன்று ராத்திரி முழுக்க நான் சந்தேகப்பட்டது என்னைத்தான்.

மறுநாளிலிருந்து தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தேன். சாவியை எங்கே வைத்தேன், அவர் எத்தனை மணிக்கு என்ன சொன்னார், எல்லாம். கவரில் சுற்றி அரிசி டின்னுக்குள் வைப்பேன். நாற்பது தாள் சேர்ந்ததும் வரிசையாகப் பார்த்தேன். அவர் ஊரில் இருக்கும் நாட்களில் மட்டும்தான் எனக்கு மறதி வந்திருக்கிறது.

வக்கீலம்மா சொன்னதையும் எழுதிவிடுகிறேன். முதல் மனைவி உயிரோடு, விவாகரத்து ஆகாமல் இருந்தால், இந்து திருமணச் சட்டம் 11-ஆம் பிரிவுப்படி என் கல்யாணமே செல்லாது. அதைக் கேட்டு நடுங்கிவிட்டேன். ஆனால் முதல் திருமணத்தை மறைத்து ஏமாற்றியவர், அதையே காரணம் காட்டி ஜீவனாம்சம் தராமல் தப்ப முடியாது என்று 2013-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறது. மறைத்துக் கல்யாணம் செய்வது தனிக் குற்றம். அப்போது இ.பி.கோ. 495, 2024 ஜூலையிலிருந்து அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 82-ஆம் பிரிவு. பத்து வருடம் வரை சிறை. என் வழக்கு இன்னும் நடக்கிறது.

* * *

சகோதரி, நான் ஆண். என் மனைவி எனக்குக் காட்டிய படிப்புச் சான்றிதழும் சரி, சொன்ன பெயரும் சரி, எதுவுமே அவருடையது இல்லை. ஊர் என்ன சொல்லும் என்று பதினான்கு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். மோசடி என்று அதே திருமணச் சட்டத்தின் 12-ஆம் பிரிவில் கல்யாணத்தை ரத்து செய்யக் கேட்பதானால், உண்மை தெரிந்து ஒரு வருடத்துக்குள் மனு போட வேண்டுமாம். தெரிந்த பிறகும் சேர்ந்து வாழ்ந்திருக்கக் கூடாதாம். எனக்கு இரண்டுமே போயிற்று. யாராவது தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தால் தயவுசெய்து இன்றைக்கே வக்கீலைப் பாருங்கள்.

* * *

தங்கச்சி, நான் அந்தப் பக்கம் இருந்தவள், முதல் மனைவி. உன் கரூர்க்காரி இல்லை, எனக்கு மதுரை.

ஒரு மத்தியானம் ஒரு பொண்ணு என் வாசலில் வந்து நின்றாள். கையில் கல்யாண போட்டோ. மாப்பிள்ளை கையில் இருந்த வாட்ச் என் அப்பா போட்டது. கண்ணாடியில் கீறல்கூட அப்படியே தெரிந்தது. தெரிந்தும், "போட்டோவை ஒட்டி எடுத்துட்டு வந்தியா?" என்று கதவைச் சாத்தினேன். ஒரு சொம்புத் தண்ணீர் கொடுக்கவில்லை. மூன்று வாரம் கழித்து நானே அவளைக் கூப்பிட்டேன்.

ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். இரண்டு கல்யாணமுமே முறைப்படி சடங்கோடு நடந்தது என்று கோர்ட்டில் நிரூபிக்க வேண்டும். என் ஆல்பமும் பத்திரிகையும் இல்லாவிட்டால் அவள் கேஸ் நின்றிருக்காது. கரூர்க்காரியோட ஆல்பத்தையும் பத்திரிகையையும் எப்படியாவது வாங்கப் பார்.

* * *

அக்கா, கரூரில் எனக்கும் கதவு திறக்கவில்லை. இரண்டு முறை போய்விட்டேன். ஜன்னல் வழியாக அந்தக் குழந்தை பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கு அவர்கள்மேல் கோபமே இல்லை, அவர் அங்கே என்னைப் பற்றி என்ன சொல்லி வைத்திருக்கிறாரோ. அந்த மூன்று வாரத்தில் உங்கள் மனசை மாற்றியது எது? அதை மட்டும் சொல்லுங்கள். அடுத்த மாதம் மறுபடி போகிறேன்.